உப்பளத்துச் சிவப்புத் தண்ணீர்: சென்ட்ரிஃபியூஜா, வடிதாளா?

வெயில் ஏற ஏற, நாகர்கோவில் பக்கத்துப் புத்தளம் உப்பளத்தில் சில பாத்திகள் இளஞ்சிவப்பாக மாறும். "தண்ணி செவந்துட்டா உப்பு நெருங்கியாச்சுன்னு அர்த்தம்" என்றார் அங்கே வேலை செய்யும் ஓர் அண்ணாச்சி. அந்தச் சிவப்புக்குக் காரணம் ஹேலோபாக்டீரியம் போன்ற உப்பு விரும்பி ஆர்க்கியாக்களும் (பாக்டீரியா மாதிரி ஒற்றைச் செல், ஆனால் தனி இனம்), டுனாலியெல்லா என்ற பாசியும். அந்தப் பக்கம் நுண்ணுயிரியல் படிக்கிற பிள்ளைகளில் வருஷத்துக்கு ஒருவராவது இந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, "இதில் என்ன நிறமி, என்ன கொழுப்பு இருக்குன்னு பாக்கணும்" என்று நிற்பார். கருவியில் ஏற்றுவது அரை நாள் வேலைதான். அதற்கு முந்தைய தயாரிப்பில்தான் சிக்கல் எல்லாம்.

முதல் கேள்வி, செல்லைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது எப்படி? சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் கருவியில் 50 மி.லி. குழாயை வைத்துச் சுற்றினால் அடியில் சிவப்புப் பொட்டு போலப் படியும். கைக்கு எளிது, செலவும் குறைவு. ஆனால் உப்பு முற்றிய தண்ணீரின் அடர்த்தி 1.2-ஐத் தொடும், சாதாரணத் தண்ணீரில் படிவதுபோல இதில் சீக்கிரம் படியாது. போதாக்குறைக்கு, செல்லுக்குள் காற்றுப்பை வைத்திருக்கும் ரகங்கள் மெதுவாகச் சுற்றினால் மேலேயே மிதக்கும். "சார், கீழ ஒண்ணும் இல்ல, எல்லாம் மேல வந்துட்டு" என்று ஒரு பையன் பதறியது இதனால்தான். வேகத்தைக் கூட்டினால் ஆர்க்கியா படியும். ஆனால் செல்சுவர் இல்லாத டுனாலியெல்லா உடைந்து, அதற்குள் இருக்கும் கிளிசரால் வெளியே போய்விடும்.

வடிதாள் வேகமானது. செல்லுக்குள் ஓடுகிற சின்ன மூலக்கூறுகளை அளக்க வேண்டுமென்றால் இது நல்ல வழி. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மாதிரி சமாச்சாரங்கள் நொடிக்கணக்கில் மாறுபவை. பத்து நிமிடம் சுற்றி எடுப்பதற்குள் கதை மாறியிருக்கும். ஆனால் உப்பளத் தண்ணீரில் கொழகொழப்பு அதிகம், 0.45 மைக்ரான் துளையுள்ள தாள் கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, செல்லுலோஸ் நைட்ரேட் தாளை அப்படியே அசிட்டோனில் போட்டால் தாளே கரைந்துவிடும். கண்ணாடி இழைத் தாள் கரையாது. ஆனால் அதன் துளை பெரிது, டுனாலியெல்லாவைப் பிடிக்கும், பொடி ஆர்க்கியாவில் கொஞ்சம் நழுவிவிடும்.

நிறமிக்கும் கொழுப்புக்கும் என் ஓட்டு சென்ட்ரிஃபியூஜுக்குத்தான். பாசிக்கு மெதுவான சுற்று, ஆர்க்கியாவுக்கு வேகமான சுற்று, அவ்வளவே.

அடுத்தது கழுவுவது. இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒட்டியிருக்கும் உப்பை நீக்கலாம் என்று அந்தச் சிவப்புப் பொட்டில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினேன். கண்முன்னே பொட்டு கரைந்து, குழாய் முழுக்க இளஞ்சிவப்புச் சளி. உப்பு குறைந்தால் ஹேலோபாக்டீரியத்தின் உறை நிற்காது, செல் வெடித்துவிடும். சரி, கழுவாமல் விட்டால்? 1 மி.லி. தண்ணீர் ஒட்டியிருந்தாலே காய்ந்தபின் கால் கிராம் உப்பு நிற்கும். செல்லின் எடையோ சில மில்லிகிராம்தான். தராசு உப்பைத்தான் காட்டும். கடல்பாசிக்கு, சூடேற்றினால் ஆவியாகிப் போகும் அம்மோனியம் ஃபார்மேட் கரைசலில் கழுவுவார்கள். இந்த அளவு உப்பில் வாழ்கிறவற்றுக்கு அது கைகொடுக்காது. அதே அடர்த்தியில் சுத்தமான உப்புக் கரைசலால் ஒருமுறை கழுவி, மிச்சத்தை நன்றாக வடித்துவிட்டு, எடைக்குப் பதில் புரத அளவை வைத்துக் கணக்குப் போடுவது மேல்.

உலர்த்துவதில் ஓவனா, ஃப்ரீஸ் டிரையரா (உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் கருவி) என்று கேட்பார்கள். ஓவன் சூட்டில் கரோட்டினாய்டு என்ற அந்தச் சிவப்பு நிறமி வெளுத்துப்போகும். ஃப்ரீஸ் டிரையர் நல்லதுதான், ஆனால் சாம்பிள் முதலில் உறைய வேண்டுமே! உப்புத் தண்ணீர் முழுதாக உறைய -21 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். -20 ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்தாலும் காலையில் தளதளவென்று ஆடும். -80 டிகிரி ஃப்ரீசர் இல்லையென்றால் உலர்த்தவே வேண்டாம், ஈரமாகவே கரைப்பானில் போடுங்கள். தண்ணீர் ஊற்றி வெடித்ததாகச் சொன்னேனே, அதையே இங்கே லாபமாக்கலாம்: செல்லை உடைக்கக் கண்ணாடி மணிகளோ அல்ட்ராசவுண்டோ தேவையில்லை. கொஞ்சம் தண்ணீர், மேலே அசிட்டோனும் மெத்தனாலும், வெளிச்சம் படாமல் குலுக்கினால் நிறமி இறங்கிவிடும்.

கொழுப்புக்கு 1959-இல் பிளை, டையர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன குளோரோஃபார்ம்-மெத்தனால் முறையே போதும். உப்பு மேல் அடுக்கிலேயே தங்கிவிடும் என்பது கூடுதல் வசதி. ஆனால் பிரித்த கொழுப்பை வழக்கம்போல மெத்தில் எஸ்டராக்கி ஜிசியில் (கொழுப்பமிலங்களைப் பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராஃப் கருவி) ஏற்றிவிட்டு ஆர்க்கியாவைத் தேடாதீர்கள். அவற்றின் கொழுப்பில் ஈதர் பிணைப்பு, கொழுப்பமிலம் கிடையாது. வரைபடத்தில் வருவதெல்லாம் பாசியும் கூட வந்த பாக்டீரியாவும்தான்.