சொரியாசிஸ் உள்ள காலில் அமோரால்ஃபின் நகப்பூச்சு: பதினொரு மாத அனுபவம்

பல ஆண்டுகளாகச் சொரியாசிஸ் என்னும் செதில் படரும் தோல் நோயோடு வாழும் எனக்குக் கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்தபோது, அதையும் பழைய நோயின் கணக்கிலேயே எழுதிவிட்டு, கையிலிருந்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவி வந்தேன். பூஞ்சை உள்ள இடத்தில் ஸ்டீராய்டு பட்டால் சிவப்பும் அரிப்பும் அடங்கியதுபோல் தோன்றும். பூஞ்சையோ ஓசையில்லாமல் பரவும். விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி உரியத் தொடங்கிய பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன். நகத்தடியில் சுரண்டிய தூளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது பூஞ்சை இழைகள் தெரிந்தன; சில வாரங்கள் கழித்து வந்த வளர்ப்புச் சோதனை அதை டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்று உறுதிசெய்தது. என் கைநகங்களில் ஊசி குத்தினாற்போல் இருக்கும் குழிகள் சொரியாசிஸால் வந்தவை, கால் நகத்தில் இருப்பதோ பூஞ்சை என்று அப்போதுதான் பிரித்தறிய முடிந்தது.

பாதிப்பு ஒரே நகத்தில், வேரை எட்டாமல் இருந்ததாலும், டெர்பினாஃபின் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பியதாகப் பதிவுகள் இருப்பதாலும், பூஞ்சையைக் கொல்லும் 5 சதவீத அமோரால்ஃபின் நகப்பூச்சை வாரம் ஒருமுறை பூசுமாறு மருத்துவர் சொன்னார். விரலிடுக்குக்குத் தனியாக ஒரு களிம்பு, நகப்பூச்சு தோலுக்கானதன்று.

சிறு குப்பி, நகம் தேய்க்கும் அட்டை அரங்கள், ஆல்கஹால் தோய்த்த துடைப்பான்கள், பூசுவதற்குத் தட்டையான பிளாஸ்டிக் குச்சிகள் ஆகியவை பெட்டியில் உள்ளன. நகத்தின் மேற்பரப்பைத் தேய்த்து, துடைத்து, பூசி, ஐந்து நிமிடம் உலரவிட வேண்டும். குச்சியைக் குப்பியின் வாயில் வழிக்கக் கூடாது. நான் வழித்தேன், அடுத்த வாரம் மூடி ஒட்டிக்கொண்டு, திறக்கவே பெரும்பாடாகிவிட்டது. நோயுள்ள நகத்தில் தேய்த்த அரத்தை நல்ல நகத்தில் வைக்கவே கூடாது.

என் மனக்குறை அந்த அரத்தைப் பற்றியதுதான். எனக்குக் கிடைத்த விளக்கத்தாள் நகத்தை நன்றாகத் தேய்க்கச் சொல்கிறதே தவிர, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் காயம்பட்ட இடத்திலேயே புதிய படை எழக்கூடும் என்பதைச் சொல்லவில்லை. கோப்னர் விளைவு என்று மருத்துவர்கள் அழைக்கும் இதை நான் அனுபவித்தே அறிந்தேன்: முதல் மாதம் நகக்கண் வரை அழுத்தித் தேய்த்ததில், இரண்டு வாரத்தில் நகத்தைச் சுற்றிச் செதில் படர்ந்தது. அதன்பின் நகத்தின் மேற்பரப்பை மட்டும், ஒரே திசையில், தோலைத் தொடாமல் மெல்லத் தேய்க்கிறேன்.

கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாகப் புதுப்பிக்க 12 முதல் 18 மாதங்கள் ஆகும். நான்காம் மாதத்தில் நகத்தின் அடியில் வெளிர் இளஞ்சிவப்பாக ஒரு பிறை தெரிந்தது. இப்போது முக்கால் பங்கு நகம் தெளிந்திருக்கிறது. நுனி மட்டும் சற்றுத் தூக்கிக்கொண்டே நிற்கிறது. அது மிச்சமிருக்கும் பூஞ்சையா சொரியாசிஸா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாவதாக இருந்தால் இந்தப் பூச்சால் பயனில்லை.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்; குறைத்த ஒன்று அந்த விளக்கத்தாளுக்காக. சோதனை செய்யாமல் வாங்குபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த மாதம் மறுபடியும் சுரண்டிப் பார்க்க வேண்டுமென்று மருத்துவர் சொல்லியிருப்பதால், அதுவரை வாரம் தவறாமல் பூசிக்கொண்டிருக்கிறேன்.