இறுகிப்போன ஆயில் ஃபில்டரைக் கழற்ற எந்த ரிஞ்ச்?

திருகி மாட்டும் வகை ஆயில் ஃபில்டர் கைக்கு அசையவில்லை என்றால் நான்கு வழிகள் உண்டு. ஃபில்டரின் தகர டப்பாவைச் சுற்றிப் பிடிக்கும் எஃகுப் பட்டை கொண்ட பேண்ட் ரிஞ்ச், ஃபில்டரின் தலையில் தொப்பி போல் உட்காரும் கப் ரிஞ்ச், ராட்செட்டில் (ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் கைப்பிடி) மாட்டித் திருப்பத் திருப்பத் தானே இறுகிக் கவ்வும் மூன்று கால் ரிஞ்ச், எதுவும் கையில் இல்லாதபோது டப்பாவைக் குத்தி நெம்பும் ஸ்க்ரூ டிரைவர். முதல் மூன்றும் சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பதால் விலையை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. என் பழைய பெட்ரோல் காருக்கு நான் வாங்கியது பேண்ட் ரிஞ்ச். மற்றொன்றை வாங்கும் எண்ணமும் இல்லை.

ஃபில்டர் இறுகுவதற்கான காரணங்கள் தெரிந்தவைதாம். ரப்பர் வாஷரில் எண்ணெய் தடவாமல் உலர்ந்தபடியே மாட்டியிருப்பார்கள், அல்லது கையால் முடுக்க வேண்டியதை ஸ்பேனர் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதன் மேல் மாதக்கணக்கில் எஞ்சின் சூடு ஏறி ரப்பர் கெட்டித்து, எஞ்சின் பக்கத்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, ஒட்டியிருப்பது அடிப்பகுதி மட்டுமே என்பது. மரையும் ரப்பர் வாஷரும் தடித்த எஃகு அடித்தட்டில் இருக்கின்றன. நாம் பிடித்துத் திருப்பும் டப்பாவோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தகரம்.

எனவே எந்தக் கருவி வேகமாகக் கழற்றும் என்பதைவிட, கழற்ற முடியாமல் தோற்றுப்போனால் எந்தக் கருவி வண்டியை ஓடும் நிலையில் விட்டுவைக்கும் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். ஃபில்டர் டப்பா என்பது வெறும் மூடி அன்று. எஞ்சின் ஓடும்போது ஆயில் பம்ப் தள்ளும் எண்ணெய் முழு அழுத்தத்தோடு அதனுள் செல்கிறது. டப்பா முழுசாக இருக்கும்வரை, முயற்சியைக் கைவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். அதில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டால், எஞ்சினைக் கிளப்பியவுடன் எண்ணெய் பீறிட்டு வெளியேறும். எண்ணெய் இல்லாமல் ஓடும் எஞ்சினில் பேரிங்குகள் தேய்ந்து சிக்கிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. அதன்பின் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். இதே காரணத்துக்காக, வடிகால் போல்ட்டைத் திறந்து பழைய எண்ணெயை இறக்குவதற்கு முன்பே ஃபில்டர் அசைகிறதா என்று சோதித்துவிடுவது நல்லது. அசைந்தால் உடனே கையால் மீண்டும் இறுக்கிவிட்டு எண்ணெயை வடிக்கலாம்; அசையாவிட்டால் எண்ணெய் இன்னும் எஞ்சினுக்குள் இருக்கிறது.

இந்தக் கணக்கில் பேண்ட் ரிஞ்ச் முந்துகிறது. அதை டப்பாவின் நடுவில் மாட்டாமல், அடித்தட்டோடு தகரம் மடிந்து சேரும் விளிம்பை ஒட்டி மாட்ட வேண்டும். டப்பாவிலேயே உறுதியான இடம் அதுதான், கொடுக்கும் விசையும் ஒட்டியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே போய்ச் சேருகிறது. நடுவில் மாட்டினால் தகரம் நசுங்கி முறுக்கிக்கொள்ளுமே தவிர அடித்தட்டு திரும்பாது. வழுக்கினால், டப்பாவில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு துண்டு உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் இரு புறமும் வரும்படி மடித்துப் பட்டைக்கும் டப்பாவுக்கும் இடையே வைத்தால் பிடி கிடைக்கும். கைப்பிடியை இழுக்கும்போது பட்டை இறுகுகிறதா, தளர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் எத்தனை பலம் கொடுத்தாலும் சுற்றி வழுக்கும். ஃபில்டரின் தலைப் பக்கத்திலிருந்து நோக்க, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். கீழ்நோக்கித் தொங்கும் ஃபில்டரை பானெட் வழியே மேலிருந்து பார்ப்பவருக்குத் திசை மாறித் தெரிவதால், கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிடுவோர் உண்டு. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ரப்பர் சற்று இளகும். ஆனால் பக்கத்தில் புகைக்குழாய் இருந்தால் கை வெந்துவிடும்.

பேண்ட் ரிஞ்சுக்கும் குறை உண்டு. ஓர் அளவு ரிஞ்ச் விட்டத்தில் சுமார் 10 மில்லிமீட்டர் வீச்சுக்குத்தான் பொருந்தும், கைப்பிடி வீசுவதற்குப் பக்கவாட்டில் இடமும் வேண்டும். எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே ஃபில்டர் ஒளிந்திருக்கும் வண்டிகளில், தலைப் பக்கமாக எக்ஸ்டென்ஷன் ராடு வைத்து எட்டும் கப் ரிஞ்சோ மூன்று கால் ரிஞ்சோதான் வழி.

கப் ரிஞ்ச் ஃபில்டரின் விட்டத்துக்கும், அதன் தலையோரம் சுற்றியுள்ள தட்டையான முகங்களின் எண்ணிக்கைக்கும் கச்சிதமாகப் பொருந்தினால் நன்று. சற்றே பெரிதாக இருந்தாலும் விளிம்புகளை மழுக்கிவிடும். அதன்பின் அந்தக் கப் அங்கே உதவாது. ஃபில்டர் கம்பெனியை மாற்றினால் கப்பும் மாற வேண்டியிருக்கலாம். மூன்று கால் ரிஞ்ச் பல அளவுகளைக் கவ்வும், ஆனால் கால்கள் அழுத்தும் இடத்தில் தகரம் குழியும். குழி ஆழமானால் அந்த ஃபில்டரோடு பட்டறை வரை ஓட்ட நான் துணிய மாட்டேன். செயின் ரிஞ்சை லாரி மெக்கானிக்குகள் கையில் பார்த்ததோடு சரி. அவர்களுடைய பெரிய டீசல் ஃபில்டர்களில் அது நன்றாகவே வேலை செய்தது, சிறு காரில் எப்படியோ.

ஸ்க்ரூ டிரைவரை இந்த வரிசையில் சேர்ப்பதே தயக்கமாக இருக்கிறது. குத்தி நெம்பும்போது பெரும்பாலும் அடித்தட்டு திரும்புவதற்கு முன்பே தகரம் கிழிந்துவிடும். உள்ளிருக்கும் எண்ணெய் கையில் வழியும். கடைசியில் டப்பா பிய்ந்து, அடித்தட்டு மட்டும் எஞ்சினில் ஒட்டியபடி நிற்கும். பிறகு அதன் விளிம்பில் உளி வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டித் திருப்ப வேண்டும். உளி சறுக்கினால் ரப்பர் உட்காரும் பரப்பில் கீறல் விழும், அங்கே புது ஃபில்டரும் கசியும். உதிரி ஃபில்டரும் நேரமும் கையில் இருந்து, வண்டி மறுநாள் தேவையில்லை என்றால் மட்டுமே இதைத் தொடலாம்.

புதிய எஞ்சின்கள் பலவற்றில் டப்பாவே இல்லை. பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் மட்டும் இருக்கிறது. அங்கே என் பேண்ட் ரிஞ்ச் பரிந்துரை செல்லாது. மூடிக்கு உரிய கப்தான் சரி, மூன்று கால் ரிஞ்ச் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும். இறுக்க வேண்டிய அளவு பெரும்பாலும் மூடியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல வண்டிகளில் அது 25 நியூட்டன் மீட்டர்.