மூன்று மழைக்காலம் தாண்டிய, வீட்டிலேயே அடித்த கார் பெயின்ட்: கூரை பளபளக்கிறது, கதவடி கொப்புளிக்கிறது

"கடையில கேட்ட காசுக்கு வண்டியையே வித்துப்போடலாம், பெயின்ட நானே அடிச்சிரட்டா மக்கா?" என்று குமரி மாவட்டத் தக்கலையிலிருந்து ஒரு கூட்டாளி கேட்டதற்குப் பதில் இது. நான் அடித்தது என் மாருதி 800-க்கு. நிறம் பழைய வெள்ளையேதான். இடம் வீட்டு ஷெட், கையில் ரெண்டு எச்.பி. கம்ப்ரஸரும் மேல்கப் வைத்த ஸ்ப்ரே கன்னும். பெயின்ட், இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பி.யூ. (பாலியூரித்தேன்). அடித்து மூன்று இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, கழிந்துவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பானெட்டும் கூரையும் இன்றைக்கும் கழுவித் துடைத்தால் ட்யூப்லைட்டின் விளிம்பு கோடாகத் தெரிகிறது. வெயிலில் மாவாக உதிரும் பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டோடு ஒப்பிடவே முடியாது. இதில் பாதிப் பெருமை வெள்ளைக்குத்தான். வெள்ளைச் சாயம் டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிற இல்மனைட் என்ற கனிமம்தான் அதற்கு மூலப்பொருள். வெயிலுக்கு அது வெளிறாது, சிவப்பு வெளிறும். தகட்டின் அலைகளையும் ஆரஞ்சுத்தோல் சொரசொரப்பையும் வெள்ளை மன்னித்துவிடும், கறுப்பு காட்டிக்கொடுக்கும். மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இல்லாத ஒற்றைப் பூச்சு என்பதால் உரிந்து தொங்க ஒன்றுமில்லை. மங்கினால் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டால் போதும். நிறத்தை மாற்றவில்லை என்றால் ஆர்.சி. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் தேடி நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ அலையவும் வேண்டாம்.

இனி அந்தக் கதவு. இடது முன்கதவின் அடியில் இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது கடுகளவில் நாலைந்து கொப்புளம். இப்போது மிளகளவு. நகத்தால் நெம்பினால் பெயின்ட், பிரைமர், பள்ளம் நிரப்பும் பட்டி மூன்றும் ஒரே தோலாகக் கழன்று வருகின்றன. தகட்டில் பழுப்புப் பொடி. பெயின்ட் பட்டியை விடவில்லை, பட்டிதான் தகட்டை விட்டிருக்கிறது. ஆகவே பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் புண்ணியமில்லை.

குற்றவாளி வாளித் தண்ணீர். பட்டி தேய்ப்பதென்றால் நம்மூர்ப் பட்டறைகளில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர்தான். தூசி பறக்காது, தாள் அடைக்காது, கை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பாலியஸ்டர் பட்டி என்பது ரெசினில் டால்க் பொடியைக் குழைத்தது. தேய்த்துத் திறந்த முகம் தண்ணீரைக் குடிக்கும். மேலே கை வைத்தால் அரைமணியில் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. அதன்மேல் பிரைமரை அடித்துவிட்டால் தண்ணீருக்கு வெளியே வழி அடைபட்டுவிடும். பின்பு வெயிலில் தகடு கொதிக்கும்போதெல்லாம் நீராவி மேலே தள்ளும், கீழே தகட்டைத் தின்னும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் மரத்தடி ஷெட்டில் காற்றே ஈரத்துணி போல இருக்கும். அங்கே ஒரு ராத்திரி காயவிட்டாலும் போதாது.

அதனால் பட்டியை உலர்வாக மட்டுமே தேய்க்க வேண்டும்: 80, பிறகு 120, பிறகு 180 நம்பர் உப்புத்தாள், கட்டையில் சுற்றி. தூசி முழுவதும் மூக்கில் ஏறும், ஏறட்டும் என்று விடாமல் முகமூடி போட்டுக்கொள். தகட்டை வெளுக்கத் தேய்த்த அன்றே எபாக்ஸி பிரைமர், அது காய்ந்து சொரசொரப்பாக்கிய பிறகே பட்டி. வெறும் தகட்டை ராத்திரி விட்டால் காலையில் செந்தூரம் பூசியிருக்கும். கனம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டுகிற பள்ளம் டிங்கர் வேலை, பட்டி வேலை அல்ல. நூறு கிராம் பட்டிக்கு ஹார்ட்னர் இரண்டு கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் பிதுக்கினால் ஹார்ட்னரில் மிச்சமான பெராக்சைடு வெள்ளைப் பெயின்டில் பழுப்புக் கறையாக ஊறி மேலே வரும். நம் சூட்டில் கலந்த நாலைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும். ஒரு தடவைக்கு உள்ளங்கை அளவுக்கு மேல் கலக்காதே. எபாக்ஸிக்குப் பதிலாக சாதா ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தால் மேலே வரும் டூ-கே தின்னர் அதைச் சுருட்டி அப்பளமாக்கிவிடும்.

வாட்டர் பேப்பருக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. டூ-கே பிரைமர் நன்றாக இறுகிய பிறகு 600, 800 நம்பரில் தண்ணீர் வைத்துத் தேய்க்கலாம். பட்டி எங்கேயாவது மறுபடி வெளியே எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் தண்ணீரை நிறுத்து.

கதவடிக்கு இன்னொரு சாபமும் உண்டு. கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைநீர் கதவின் அடி ஓட்டைகளில் வெளியேற வேண்டும். பழைய வண்டியில் அவை மண்ணாலும் இலைச் சக்கையாலும் அடைந்திருக்கும். வெளியே எவ்வளவு பளபளப்பாக அடித்தாலும் துரு உள்ளிருந்துதான் வருகிறது. ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திற. உள்ளே துரு தடுக்கும் மெழுகு அடிப்பது நல்லது, ஆனால் பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு. முன்பே அடித்தால் அது கசிந்து பெயின்டில் மீன்கண், அதாவது சின்ன வட்டக் குழி, விழவைக்கும். மீன்கண்ணுக்கு நம் மாவட்டத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது: தேங்காய் எண்ணெய். தலையைக் கோதிய கையால் பானெட்டைத் தடவிப் பார்ப்பவர்களை ஷெட்டுக்குள் விடாதே. அடிப்பதற்கு முன்பு எண்ணெய் நீக்கும் திரவத்தால் ஒரு துணியில் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு துணியால் எடுக்க வேண்டும்.

தண்ணீர் கம்ப்ரஸர் வழியாகவும் வரும். கணக்கு சுலபம். 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர். நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று இழுக்கும் மெஷின் மணிக்கு 12 கன மீட்டர் இழுக்கிறது. அதில் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர் டேங்கிலும் ஓஸிலும் திரவமாகச் சேரும். நீராவியாகச் சூட்டோடு டேங்கைத் தாண்டிப் போனது ஓஸில் ஆறித் துளியாகி கன்னில் துப்பும். அதனால் தண்ணீரைப் பிடிக்கும் நீர்ப்பொறியை கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டிப் பயனில்லை. பத்துப் பதினைந்து மீட்டர் ஓஸ் விட்டு, காற்று ஆறிய பிறகு, கன் பக்கம் மாட்ட வேண்டும். ஒரு பேனல் முடிந்தால் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடு. ரெண்டு எச்.பி. மெஷினுக்கு முழு வண்டியை ஒரே மூச்சில் அடிக்கத் தெம்பில்லை. அதற்கும் அந்த இடைவெளி நல்லது.

காலம் தை, மாசி. இடவப்பாதியும் ஐப்பசித் துலாமழையும் இல்லாத இந்த இரண்டு மாதத்தை விட்டால் அடுத்த வருடம்தான். காலைப் பனி உலர்ந்து பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிடு. 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் சூடு, 26 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. ராத்திரி ஆறிய தகடு அதைவிட மூன்று டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். தோவாளை, ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு ஈரத்தைவிடக் காற்றுதான் எதிரி, ஷெட்டை தார்ப்பாயால் மூடாமல் கன்னைத் தொடாதே. தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிப்பதை அடிப்பதற்கு ஒரு மணிநேரம் முன்பே முடித்துக்கொள். மழை பெய்த மறுநாள் சாயந்திரம் லைட்டைப் போட்டு அடித்தால் ஈசல் இறகோடு பெயின்ட் கிடைக்கும்.

அளவு: கலந்து கன்னில் ஊற்றத் தயாரான கணக்கில், கதவு விளிம்புகளும் சேர்த்து, பிரைமர் இரண்டு லிட்டர், பெயின்ட் மூன்று லிட்டர். பிரைமருக்கு 1.7 மி.மீ. நாசில், பெயின்டுக்கு 1.4. தூரம் ஒரு சாண். முந்தின வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூட வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் கால்மணி இடைவெளி. முன்கண்ணாடி ரப்பரைக் கழற்ற வேண்டாம், உதட்டின் அடியில் மெல்லிய நைலான் கயிற்றைச் செருகினால் ரப்பர் தூக்கிக்கொடுக்கும், டேப் கோடு தெரியாது. கதவில் வழிந்தால் அப்போது தொடாதே. நன்றாக இறுகியபின் 1000, 1500, 2000 என்று தேய்த்துக் காம்பவுண்டில் முடி.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. டூ-கே ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். துணி முகமூடியும் தூசி முகமூடியும் அதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு தடவை நெஞ்சு ஒவ்வாமை பிடித்தால் அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே மூச்சிழுப்பு வரும். வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகக்கவசம்தான் சரி. சமையலறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்து இருந்தால் இந்தப் பேச்சையே விடு.

ஆக, பளபளப்புக்குப் பத்துக்கு ஒன்பது, கையிருப்புக்கும் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை இடது கதவைத் திறக்கும்போதும் கண் கீழேதான் போகிறது, போனதும் மூன்று வருடப் பெருமையும் போய்விடுகிறது. அடிக்காதே மக்கா, கடையில கொடு. கொடுக்கும்போது பட்டியை உலர்வாகத் தேய்ப்பாரா என்று மட்டும் கேள். கேட்டதும் சிரித்தால் திரும்பி வா. கன் ஷெட்டில்தான் இருக்கிறது, வாஷர் மட்டும் புதிதாகப் போட வேண்டும்.