மிச்சிகன் அகராதி: இடைக்கால ஆங்கிலம் படிப்பவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரை மூலத்திலேயே படிக்க உட்காருபவருக்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிடில் இங்கிலீஷ் டிக்‌ஷனரியை மிஞ்சிய துணை கிடையாது. 1952 தொடங்கி 2001 வரை பகுதி பகுதியாக அச்சேறிய அகராதி இது. 54,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை இப்போது இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

தெரிந்த சொல்போல வந்து ஏமாற்றும் சொற்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும். 'நைஸ்' என்றால் அன்று முட்டாள்தனமான என்று பொருள். 'மீட்' இறைச்சியை மட்டுமல்லாமல் எந்த உணவையும் குறிக்கும், 'டியர்' மானை மட்டுமல்லாமல் எந்த விலங்கையும் குறிக்கும். 'ஸ்டார்வ்' என்பது வெறுமனே சாவது. பட்டினி அதில் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. பாடப்பதிப்பின் அடிக்குறிப்பு அந்த வரிக்கு ஏற்ற ஒரு பொருளோடு நின்றுவிடும். இங்கே எல்லாப் பொருள்களும் மேற்கோள்களோடு வரிசையாக இருக்கும்.

மேற்கோளின் முன்னால் உள்ள ஆண்டைக் கவனித்துப் படியுங்கள். 1450 என்று போட்டு அடைப்புக்குள் 1400 என்றிருந்தால், கையெழுத்துப் பிரதி 1450-ஐ ஒட்டியது, நூல் இயற்றப்பட்டது 1400 வாக்கில். மாணவர் கட்டுரைகளில் இந்த இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன.

தேடல்தான் பழகும்வரை படுத்தும். அன்று நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. யு-வும் வி-யும், ஐ-யும் ஒய்-யும் ஒன்றுக்கொன்று மாறி வரும். சாசரின் 'இரோன்னெ' (yronne) போன்ற சொல்லில் முதலில் நிற்கும் ஒய் இறந்தகால எச்சத்தின் முன்னொட்டு. அதை நீக்கிவிட்டு, ஓடுதலைக் குறிக்கும் 'ரென்னென்' வினையில் தேட வேண்டும். மாற்று எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தேடும் வசதியை எப்போதும் தேர்ந்தெடுத்து வையுங்கள். பாதி அலைச்சல் குறையும்.

இலக்கியக் கலைச்சொற்களுக்கு இதை நம்ப முடியாது. அவற்றில் பல, பின்வந்த ஆய்வாளர்கள் இட்ட பெயர்கள். பதினான்காம் நூற்றாண்டின் சர் கவெய்ன் காவியத்தில் வரும் 'பாப் அண்ட் வீல்' என்ற செய்யுள் அமைப்பு அப்படிப்பட்டது: நீண்ட மோனையடிகள் முடிந்ததும் பெரும்பாலும் ஈரசையில் ஒரு குற்றடி, அதன்பின் நான்கு சிற்றடிகள், ஐந்தும் சேர்ந்து அ-ஆ-அ-ஆ-அ என்ற இயைபில் அமையும். அந்த நீண்ட அடியில் அழுத்தம் பெறும் நான்கு இடங்களில் பொதுவாக முதல் மூன்றும் மோனை கொள்ளும் என்பதையும் இந்த அகராதி சொல்லித் தராது. நல்ல யாப்பியல் கையேடு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

1100-க்கு முந்திய பழைய ஆங்கிலத்துக்கு பாஸ்வொர்த் டோலர் அகராதிக்குப் போங்கள். அதுவும் இணையத்தில் இலவசம்தான்.