சொந்தக் கோப்பு வடிவத்துக்கு ஆவணம்: டாக்ஸிஜன் ஃபில்டரா, ட்ரீ-சிட்டர் பார்சரா?

பெங்களூரில் சிப் வடிவமைப்பு, ஃபர்ம்வேர் வேலை பார்க்கும் குழுக்கள் பலவற்றில் அவர்களே வகுத்துக்கொண்ட ஒரு கோப்பு வடிவம் இருக்கும். பெரும்பாலும் அது ரெஜிஸ்டர்களின் (சிப்பை இயக்க மென்பொருள் படித்து எழுதும் சிறு நினைவிடங்கள்) பட்டியல்தான். ரெஜிஸ்டரின் பெயர், ஆஃப்செட், ஒவ்வொரு ஃபீல்டும் எந்த பிட்டிலிருந்து எந்த பிட் வரை, ரீசெட் மதிப்பு, அதற்கு மேலே ## போட்டு இரண்டு மூன்று வரி விளக்கம். சி, பைத்தான் நிரல்களுக்கு டாக்ஸிஜன், ஸ்ஃபிங்க்ஸ் போன்ற ஆவணக் கருவி தானே பக்கம் போட்டுவிடும். இந்தக் கோப்பை அதற்குப் படிக்கத் தெரியாது. கற்றுக்கொடுப்பது நம் வேலை.

இறங்குவதற்கு முன் ஒரு கேள்வி. பட்டியலை சிஸ்டம்ஆர்டிஎல் என்ற ரெஜிஸ்டர் விவரிப்பு மொழியில் எழுத முடியுமா? அது அக்செலரா அமைப்பு வெளியிட்ட தரநிலை, திறந்த மூலப் பைத்தான் கம்பைலரும் கிடைக்கிறது. முடியுமென்றால் பார்சரே (உரையைப் படித்து அதன் அமைப்பைப் பிரித்தெடுக்கும் நிரல்) எழுத வேண்டாம். முடியாதவர்களுக்குத்தான் இனி வருவது.

வழிகள் மூன்று: டாக்ஸிஜனுக்கு முன்னால், கோப்பை அதற்குப் புரியும் உரையாக மாற்றும் ஒரு ஃபில்டர் வைப்பது, டாக்ஸிஜனுக்குள்ளேயே புதிய ஸ்கேனர் (கோப்பைப் படிக்கும் பகுதி) எழுதுவது, ட்ரீ-சிட்டர் என்ற பார்சர் உருவாக்கும் கருவியில் இலக்கணம் எழுதி, கோப்பின் அமைப்பைக் காட்டும் மரமாகக் கிடைப்பதை ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றி ஸ்ஃபிங்க்ஸிடம் கொடுப்பது. நாங்கள் எடுத்தது மூன்றாவது. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

நடுவில் உள்ளதை முதலில் ஒதுக்கிவிடலாம். 1997 முதல் வளர்ந்துவரும் டாக்ஸிஜனின் ஸ்கேனர்கள் ஃப்ளெக்ஸ் என்ற ஸ்கேனர் உருவாக்கும் கருவியில் எழுதப்பட்டவை. புதிய மொழி சேர்க்க இரண்டு இன்டர்ஃபேஸ்களை நிரப்ப வேண்டும்: அறிவிப்புகளைத் திரட்ட ஒன்று, மூல நிரலை வண்ணமிட்டுக் காட்ட ஒன்று. எழுதி முடித்த பிறகும் டாக்ஸிஜனின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் நம் மாற்றங்களை மறுபடி ஒட்டவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே குழுவின் கோப்பு வடிவத்துக்கு இது கட்டுப்படியாகாது.

ஃபில்டர் வழியின் பெரிய பலம் வேகம். கோப்பின் பெயரை வாங்கி, சி போலத் தோன்றும் உரையைத் திரையில் கொட்டும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஒரு நாளில் பக்கம் வந்துவிடும். ரெஜிஸ்டர் ஸ்ட்ரக்ட் (சி மொழியின் தரவுத் தொகுப்பு) ஆகும், ஃபீல்டு அதன் உறுப்பாகும், ## என்பது டாக்ஸிஜனின் விளக்கக் குறியான /// ஆகும். அமைப்புக் கோப்பில் மூன்று இடங்களைத் தொட வேண்டும். ஃபைல் பேட்டர்ன்ஸில் உங்கள் நீட்டிப்பைச் சேர்க்க வேண்டும், ஃபில்டர் பேட்டர்ன்ஸில் ஸ்கிரிப்டைச் சொல்ல வேண்டும், எக்ஸ்டென்ஷன் மேப்பிங்கில் அதை சி++ ஆகக் கொள்ளச் சொல்ல வேண்டும். முதலாவது விடுபட்டால் கோப்பு படிக்கப்படவே மாட்டாது. மற்றவற்றில் ஒன்று விடுபட்டால் படிக்கப்பட்டும் பக்கத்தில் உருப்படியாக எதுவும் இருக்காது.

ஃபில்டர் வரிகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது டாக்ஸிஜன் ஆவணமே சொல்லும் விதி. மீறினால் மூல நிரல் பக்கத்துக்கான இணைப்புகள் தவறான வரியில் போய் நிற்கும். அதனால் ஒரே வரியில் உள்ள ரெஜிஸ்டர் மூன்று வரி ஸ்ட்ரக்டாக விரியக் கூடாது, ஒரே வரிக்குள் நெருக்கி எழுத வேண்டும். நான்கு வரி ஒன்றாகச் சுருங்கினால் மீதி மூன்றுக்கு வெற்று வரி விட வேண்டும். ஃபீல்டின் பெயர் சி மொழியின் ஒதுக்கப்பட்ட சொல்லாக இருந்தால் அங்கே குழப்பம் தொடங்கும். ஃபில்டர் ஒரு மூடும் அடைப்பைத் தவறவிட்டால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அந்த ஸ்ட்ரக்டின் உடலுக்குள் போய்விடும். இத்தனையும் சரியாக அமைந்தாலும் பக்கத் தலைப்பில் ரெஜிஸ்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரக்ட் என்றுதான் இருக்கும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. என்னைத் திருப்பியது பராமரிப்பு. இன்னும் குறிப்பாகச் சொன்னால், கோப்பு வடிவம் மாறும்போது பார்சர் உடைந்தது நமக்குத் தெரிகிறதா என்பது.

சொந்த வடிவம் ஒரே இடத்தில் நிற்காது. இன்று பிட் எல்லை [7:4] என்று எழுதப்படும். அடுத்த சிப்புக்கு யாரோ ஒருவர் [7 : 4] என்று இடம் விட்டு எழுதுவார், இன்னொருவர் ஒற்றை பிட்டை [4] என்று சுருக்குவார், பிறகு ரெஜிஸ்டர் வரிசைக்கென்று புதிய சொல் ஒன்று நுழையும். ஃபில்டரின் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு (உரையின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் சூத்திரம்) இப்படி மாறிய வரி பிடிபடாது. பிடிபடாத வரியை அது என்ன செய்யும்? வெற்று வரியாக விட்டுவிடும், ஏனென்றால் வரி எண்ணிக்கையைக் காக்கத்தான் அதற்குச் சொல்லியிருக்கிறோம். பில்ட் (ஆவணத்தைக் கட்டும் ஓட்டம்) பிழை எதுவும் காட்டாமல் பச்சையாகவே முடியும். ஆவணத்தில் 40 ஃபீல்டு இருக்க வேண்டிய இடத்தில் 39 இருக்கும். அந்த ஒன்றைத் தேடி வரும் டிரைவர் எழுதுபவர், ஹார்டுவேரிலேயே அது இல்லை என்று நம்பிவிடுவார். பெங்களூரில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஃபில்டரை எழுதியவர் அவுட்டர் ரிங் ரோட்டில் வேறு அலுவலகத்துக்குப் போன பிறகு அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்க யாருக்கும் காரணமே வராது. தப்பான ஆவணம் ஆவணமே இல்லாததைவிட மோசமானது, அதனால்தான் இந்த ஒரு காரணத்துக்கு இவ்வளவு எடை கொடுக்கிறேன்.

ட்ரீ-சிட்டர் இலக்கணம் இதே இடத்தில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். ரெஜிஸ்டர் என்றால் இன்னது, ஃபீல்டு என்றால் இன்னது என்று விதிகளாக எழுதுகிறோம். கருவி அதிலிருந்து சி மொழியில் பார்சரை உருவாக்கித் தருகிறது. விதிக்குள் அடங்காத உரை மரத்தில் எரர் நோடாக (பிழையைக் குறிக்கும் கணு) நிற்கும், வரி எண்ணோடு. ஒரு எச்சரிக்கை: ட்ரீ-சிட்டர் எடிட்டர்களுக்காகப் பிறந்தது, பிழை இருந்தாலும் மீண்டெழுந்து முழு மரத்தையும் கொடுத்துவிடும். மரத்தின் வேரில் பிழை இருக்கிறதா என்று நாம் கேட்காவிட்டால் இதுவும் ஃபில்டரைப் போல ஊமைதான். சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனை) ட்ரீ-சிட்டரின் பார்ஸ் கட்டளையை எல்லாக் கோப்புகள் மீதும் ஓட்டுங்கள். பிழை இருந்தால் அது தோல்விக் குறியோடு வெளியேறும், பில்ட் அங்கேயே நின்றுவிடும். இடத்தைக் காட்ட எரர் நோடுகளை மட்டும் தேடினால் போதாது. விடுபட்ட டோக்கனை (சொல், குறி போன்ற சிறு அலகு) ட்ரீ-சிட்டர் தானே இட்டுக்கொண்ட மிஸ்ஸிங் நோடுகளையும் தேட வேண்டும்.

கமென்ட்டை ரெஜிஸ்டரோடு சேர்ப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வழக்கமாக கமென்ட்டை, எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியவற்றுக்கான எக்ஸ்ட்ராஸ் பட்டியலில் போடுவார்கள். அப்போது அது எந்த அறிவிப்போடும் ஒட்டாமல் பக்கத்து நோடாகத் தனியே நிற்கும், எதற்கு உரியது என்று வரி எண்ணை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். மாறாக, சாதாரண # கமென்ட் மட்டும் எக்ஸ்ட்ராஸில் இருக்கட்டும்; ## விளக்கத்தை ரெஜிஸ்டர் விதியின் உறுப்பாகவே எழுதுங்கள். எந்த ரெஜிஸ்டருக்கும் மேலே இல்லாமல் அநாதையாகக் கிடக்கும் விளக்கம் அப்போது பிழையாகும், அதுதான் நமக்கு வேண்டும். ஆனால் சாதாரண கமென்ட்டின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் இரண்டாவது எழுத்தாக # வருவதை விலக்க வேண்டும். ட்ரீ-சிட்டரின் லெக்ஸர் (உரையை டோக்கன்களாகப் பிரிக்கும் பகுதி) அந்த இடத்தில் செல்லுபடியாகும் டோக்கன்களை மட்டுமே பார்க்கும். விலக்காவிட்டால் அநாதை ## வரியைச் சாதாரண கமென்ட்டாக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கடந்துவிடும்.

எழுத்துக் கணக்கிலும் கவனம் வேண்டும். ட்ரீ-சிட்டர் இடங்களை பைட்டில் எண்ணுகிறது. யுடிஎஃப்-8இல் µ, Ω இரண்டும் 2 பைட், தமிழின் 'க' 3 பைட். அந்த எண்ணை வைத்துப் பைத்தானில் எழுத்துச் சரத்தை வெட்டினால் முதல் µ-வுக்குப் பின் எல்லாம் நகர்ந்துவிடும்; பைட்டுகளாக வைத்து வெட்டி, பிறகு டீகோட் செய்ய வேண்டும். ட்ரீ-சிட்டரைப் பைத்தானிலிருந்து அழைக்கும் பைண்டிங்கின் பதிப்பைப் பூட்டியும் வையுங்கள்: 0.22இல் இலக்கண நூலகத்தைக் கட்டும் பழைய வழி நீக்கப்பட்டது.

ஸ்ஃபிங்க்ஸ் பக்கம் ஒரு டொமைனும் (ரெஜிஸ்டர் போன்ற பொருள் வகைகளை அதற்கு அறிமுகப்படுத்தும் நீட்டிப்பு), ஜேசனைப் படிக்கும் ஒரு டைரக்டிவும் (ஆவணத்துக்குள் இடும் கட்டளை) தேவை. டைரக்டிவ் ஜேசனை நோட் டிபெண்டன்சி (சார்ந்திருக்கும் கோப்பைக் குறித்துவைக்கும் அழைப்பு) மூலம் பதிவு செய்யாவிட்டால் கோப்பு மாறியும் பக்கம் பழையதாகவே இருக்கும். விளக்க வரிகளை உள்ளே பார்ஸ் செய்யக் கொடுக்கும்போது மூலக் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் கூடவே அனுப்புங்கள். ட்ரீ-சிட்டரும், ஸ்ஃபிங்க்ஸுக்கு அடித்தளமான டாக்யூட்டில்ஸும் இங்கே 0-விலிருந்தே எண்ணுகின்றன, 1 கூட்டினால் எச்சரிக்கைகள் ஒரு வரி தள்ளிக் காட்டும். டொமைனில் சேமிக்கும் தரவின் அமைப்பை மாற்றினால் டேட்டா வெர்ஷனை ஏற்றுங்கள், இல்லையென்றால் பழைய கேஷ் உள்ளே வந்து குழப்பும். பக்கங்களைப் பிரித்து ஒரே நேரத்தில் கட்டும் பேரலல் பில்டுக்கு, தரவை ஒன்றுசேர்க்கும் மெத்தடும் கட்டாயம்.

ஃபில்டரின் ஒரு நாளுக்கு எதிரே இதற்கு ஒரு வாரமாவது ஆகும். சில நூறு கோப்புகள் அளவில் இதை உறுதியாகப் பரிந்துரைப்பேன்; பல்லாயிரம் என்றால் ஜேசன் எழுதும் கட்டத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோப்புக்குள் சி-யின் பிரீபிராசசர் வரிகள் (#define போன்றவை) கலந்திருந்தால் நிலைமை தலைகீழ். ட்ரீ-சிட்டர் மேக்ரோக்களை விரிக்காது, டாக்ஸிஜனிடம் சொந்தமாகவே பிரீபிராசசர் இருக்கிறது. அங்கே ஃபில்டரே மேல். இருபது கோப்பு, ஆறு மாதத்தில் முடியும் திட்டம் என்றாலும் அப்படித்தான். ஆனால் ஃபில்டர் எழுதுபவர்கள் ஒன்றைச் செய்யுங்கள்: எந்த விதிக்கும் பிடிபடாத வரியைக் கண்டால் வெற்று வரி விடுவதோடு நிற்காமல் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதவையுங்கள். அந்தக் கோப்பு காலியாக இல்லையென்றால் சிஐ தோற்க வேண்டும்.