ரேடிஸ் மொழிபெயர்த்த தாகூர் கதைகள்: அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது

அம்மாவுக்குக் கண்புரை எடுத்த பிறகு சில வாரம் எதையும் படிக்க முடியவில்லை. கதை படிக்காமல் தூங்காத மனுஷி. என்னிடம் இருந்த தமிழ்த் தொகுப்பில் நான் தேடிய கதைகள் இல்லாததால், வில்லியம் ரேடிஸ் மொழிபெயர்த்து பெங்குயின் வெளியிட்ட தாகூர் சிறுகதைகளை வாங்கினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆங்கிலத்தில் படித்து, அப்படியே தமிழில் சொல்லுவேன்.

முதலில் ‘காதா’. காதா என்றால் நோட்டுப் புத்தகம். சுவரெல்லாம் கிறுக்கித் திரிந்த உமாவுக்கு ஒன்பது வயதில் கல்யாணம். புகுந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறாள். நாத்தனார்கள் மூன்று பேரும் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறார்கள். புருஷன் நோட்டைப் பிடுங்கி, அவர்கள் சிரிக்கச் சிரிக்க உரக்கப் படிக்கிறான். “அப்புறம் திருப்பிக் கொடுத்தானா?” என்று கேட்டாள் அம்மா. இல்லை என்றேன். அன்றைக்கு இன்னொரு கதை கேட்கவில்லை. அம்மாவின் வீட்டுக் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கங்களில் பாட்டு எழுதியிருக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

குறை சொல்ல வேண்டுமென்றால், எழுத்து ரொம்பப் பொடி. அதைவிடப் பெரிய குறை, ரேடிஸ் 1890களின் கதைகளோடு நின்றுவிட்டார். பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் பூரியிலிருந்து புருஷனுக்கு எழுதும் ‘ஸ்த்ரீர் பத்ர’ (மனைவியின் கடிதம்) 1914இல் வந்தது. அதனால் இதில் இல்லை. இனிமேல் அந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று எழுதும் மிருணாளைப் படிக்காமல் உமாவோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வராது. அதைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

ஆனாலும் ‘சாஸ்தி’ (தண்டனை) ஒன்றுக்காகவே இந்தப் புத்தகத்தை வாங்கலாம். 1893இல் எழுதியது. கூலியில்லாமல் நாளெல்லாம் ஜமீன் வேலை பார்த்துப் பசியோடு வரும் துக்கிராம், சோறு கேட்கிறான். வீட்டில் அரிசி இல்லை. பெண்டாட்டி சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்ல, வெட்டிவிடுகிறான். அவனைக் காப்பாற்ற, தம்பி சிதாம் கொலைப்பழியைத் தன் பெண்டாட்டி சந்தரா மேல் போடுகிறான். பெண்டாட்டி போனால் வேறொருத்தி கிடைப்பாள், அண்ணன் கிடைப்பானா என்கிறான். சந்தராவுக்குப் பதினேழு பதினெட்டு வயசுதான். கோர்ட்டில் அவளே, “ஆமாம், நான்தான் வெட்டினேன்” என்கிறாள். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். அவனோடு வாழ்வதைவிடத் தூக்குமரமே மேல் என்று முடிவு பண்ணிவிட்டாள். அவள் கையில் மிச்சமிருந்த ஒரே முடிவு அது.

தூக்குக்கு முன்னால் யாரையாவது பார்க்க வேண்டுமா என்று டாக்டர் கேட்கிறார். அம்மாவை என்கிறாள். புருஷன் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறான், கூப்பிடட்டுமா என்றால், வங்காள மூலத்தில் ஒரே சொல்: “மரண்!”

ஆங்கிலத்தில் ரேடிஸ், அவன் நரகத்துக்குப் போகட்டும் என்கிற மாதிரி போட்டிருக்கிறார். எனக்கு ஒட்டவில்லை. மேற்கு வங்காளத்து அசன்சோலில் நாலு வருஷம் குடியிருந்தபோது குழாயடியில் பெண்கள் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாவு என்று அர்த்தம். சலிப்பிலும் சொல்லுவார்கள், வெட்கத்திலும் சொல்லுவார்கள், புருஷனைச் செல்லமாகக் கடிந்துகொள்ளவும் சொல்லுவார்கள். சந்தரா வாயில் இது அத்தனையும் இருக்கிறது.

ஆங்கில வரியைத் தமிழில் சொன்னபோது அம்மா பேசாமல் இருந்தாள். மூலச் சொல்லையும் அதன் அர்த்தத்தையும் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே, “எழவு!” என்றாள். “அப்படித்தாண்டி சொல்லியிருப்பா.”