கடைசி நாட்கள்: லயத்திலா, டிக்கோயாவிலா, கண்டியிலா?

இனிக் குணப்படுத்த முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் முன் பெரும்பாலும் மூன்று வழிகளே இருக்கின்றன. தொழிலாளரின் வரிசை அறைகளான லயத்து வீடு, பக்கத்து ஆதார வைத்தியசாலை, அல்லது கண்டி, புற்றுநோய் வைத்தியசாலை உள்ள மஹரகம போன்ற இடங்களின் தூரத்துப் பெரிய வைத்தியசாலை. எங்கே கட்டிலும் கருவிகளும் அதிகம் என்று பார்த்தே பலர் முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: நள்ளிரவில் வலி வந்தால் அதைத் தணிக்க யார் கையில் மருந்து இருக்கும்?

கேட்டால் பெரும்பாலான முதியவர்கள் வீட்டையே சொல்வார்கள். பேரப்பிள்ளைகள், பழகிய குரல்கள், தன் மொழியில் "தண்ணி தா" என்று கேட்கும் உரிமை எல்லாம் அங்கேதான். ஆனால் லயத்து அறை சிறியது. பல இடங்களில் கழிப்பறை வெளியே, குளிரில் நடந்து போகும் தூரத்தில். மூச்சுத்திணறும் நோயாளிக்கு விறகடுப்புப் புகை பெரும் வேதனை. இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொழுந்து பறிக்கும் மருமகள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. வீட்டுப் பராமரிப்பு செலவில்லாதது என்று சொல்பவர்கள் அந்தப் பெண்ணின் நாட்கூலியை மறந்துவிடுகிறார்கள்.

இருந்தும் கடும் வலியைத் தணிக்கும் மோர்பின் மருந்து கிடைத்தால் வீடு நல்ல இடமே. சாதாரண மோர்பின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ 4 மணி நேரம் இருக்கும். வலி வரட்டும் என்று காத்திராமல், டாக்டர் எழுதிய நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். மோர்பின் உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வலிக்கு ஏற்ப அளவறிந்து கொடுத்தால் அப்படி நடப்பதில்லை. இந்தப் பயத்தால் எத்தனையோ பேர் துடித்தபடியே போயிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

மற்ற வேலைகளைக் கையாலேயே செய்யலாம். படுக்கைப் புண் வராதிருக்க, நோயாளியால் தாங்க முடிந்தவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். காய்ந்த உதட்டையும் நாக்கையும் ஈரப்பஞ்சால் ஒற்றுங்கள். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று வந்தவர்களுக்கு இந்த வாய்ப் பராமரிப்பே பாதி வைத்தியம். விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியை வற்புறுத்தி ஊட்ட வேண்டாம், புரையேறிவிடும். கடைசி மணி நேரங்களில் தொண்டையில் கரகரப்பு கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பார்ப்பவர்களை உலுக்கும் அளவுக்கு அந்தச் சத்தம் நோயாளியை வருத்துவதில்லை.

வலி அடங்காவிட்டாலோ, இரவில் விழித்திருக்க ஆளில்லாவிட்டாலோ பக்கத்து வைத்தியசாலைதான் சரி. இந்திய உதவியில் 150 கட்டில்களுடன் கட்டப்பட்டு 2017இல் திறந்த டிக்கோயா வைத்தியசாலை, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்கு எட்டும் தூரம். இரவிலும் தாதியர் இருப்பார்கள், ஊசியும் ஒட்சிசனும் உண்டு. வேலை முடிந்து மகன் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து பார்த்துப் போகலாம். குறை, பார்வையாளர் நேரம். பெண் நோயாளர் விடுதியில் இருக்கும் தாயோடு மகன் இரவு தங்குவது கடினம். சிங்களம் மட்டுமே தெரிந்த தாதியிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் கிடப்பது இன்னும் கொடுமை. தமிழ் பேசும் தாதியர் மலையகத்தில் அதிகரிக்க வேண்டும் என்பதை எத்தனை முறையும் சொல்லுவேன்.

கண்டியும் மஹரகமவும் ஒரு காரியத்துக்குப் போக வேண்டிய இடங்கள். எலும்பில் பரவிய புற்றுநோயின் வலியைக் கதிர்வீச்சுச் சிகிச்சை, சில வேளை ஒரே தடவையில்கூட, நன்றாகக் குறைக்கும். மருந்தின் அளவைச் சரிசெய்யவும் போகலாம். போய்த் திரும்பி வாருங்கள். அங்கேயே படுக்க வைத்தால் உறவினர் பஸ்ஸிலும் நடைபாதையிலும் அலைய வேண்டும். இறந்தபின் உடலை மலைக்குக் கொண்டுவரும் வாகனச் செலவுக்கு வட்டிக்குக் கடன் வாங்க நேரும்.

வீட்டுக்குக் கூட்டி வருபவர்கள் விடுதியை விட்டுக் கிளம்பும் முன் மருந்து நேரங்களைத் தமிழில் எழுதி வாங்குங்கள். சந்தேகம் வந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் கேளுங்கள். கிளினிக் கொப்பியையும் நோய் நிர்ணய அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் மரணம் நேர்ந்தால் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவிக்கும்போது, நோய் என்னவென்று காட்ட அந்த ஆவணங்கள் கைகொடுக்கும்.